"அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தனா?"

"மக என்ன வேலை பாக்கா?" என்று யார் கேட்டாலும் எங்கள் அம்மாவிடம் இருபது வருடமாக ஒரே பதில்தான். "பெங்களூர்ல மருந்து கம்பெனில கணக்கு எழுதுதா." கேட்டவர்கள் ஏதோ மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு பெரியவர், "இதுக்கு எதுக்கும்மா எம்.எஸ்ஸி. வரைக்கும் படிச்ச?" என்றே கேட்டுவிட்டார்.

அம்மா சொல்வதில் தப்பும் இல்லை. நான் ஒரு பயோஸ்டாட்டிஸ்டிஷியன். தமிழில் உயிரிப் புள்ளியியலாளர் என்று சொன்னால் இன்னும் குழம்புவார்கள். ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன்னால் அதை மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த 'கிளினிக்கல் டிரயல்'தான் என் உலகம். எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும், யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்று எப்படிப் பிரிக்க வேண்டும், கடைசியில் வந்து நிற்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்... இதெல்லாம் என் பாடு. கணக்கு எழுதுகிற வேலையேதான்.

அப்பாவும் கணக்குப்பிள்ளைதான். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில். (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) லாரியில் பண்டல் ஏற்றுவதற்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்வார். பண்டலுக்கு 600 பெட்டி. அதற்குள் கையை விட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து பெட்டிகளை உருவுவார். ஒவ்வொன்றிலும் சில குச்சிகளை உரசிப் பார்ப்பார். பற்றினால் பண்டலுக்கு ஓகே.

"மத்த பெட்டியெல்லாம் நல்லாருக்குன்னு எப்படிப்பா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாத்தையும் உரசிப் பாத்துட்டா விக்கதுக்கு என்ன இருக்கும்?" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஆனா மேலாக்க இருக்கறத எடுக்கக் கூடாது பாப்பா. மேல நல்லதாப் பாத்து அடுக்கி வச்சிருப்பாங்க. கண்ண மூடிக்கிட்டு எடுக்கணும்."

பின்னால் எம்.எஸ்ஸி. வகுப்பில் 'ரேண்டம் சாம்பிளிங்' நடத்தியபோது எனக்குத் தீப்பெட்டி வாசனை அடித்தது. தீக்குச்சித் தலையில் இருப்பதற்கும் எங்கள் ஊரில் 'மருந்து' என்றுதான் பெயர். அப்பனும் மகளும் மருந்துதான் சோதிக்கிறார்கள் என்று வீட்டில் கிண்டல் ஓடும்.

புள்ளியியலை நான் விரும்பி எடுக்கவில்லை. 1997-ல் பிளஸ் டூ. இன்ஜினியரிங்குக்கு மார்க் பத்தவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம் கேட்டுப் போனோம். "மேத்ஸ் முடிஞ்சிருச்சு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல நாலு சீட் இருக்கு" என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அப்பா அங்கேயே கையெழுத்துப் போட்டார். என் படிப்பு அப்படித்தான் முடிவானது. எம்.எஸ்ஸி.க்குச் சென்னை. அங்கே ஒரு பேராசிரியர் முதல் நாள் வகுப்பில் சொன்ன கதைதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்துப் போட்டது.

1956. காசநோய் வந்தவர்களை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்துப் பார்த்த காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இல்லாமல் காசநோய் தீராது என்பது உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ கொஞ்சம். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் தேறுவார்களா? வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒட்டிக்கொண்டால்? இதைத் தெரிந்துகொள்வதற்காக ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மதராஸ் மாநில அரசு நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் முன்னின்று நடத்தினார்.

யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர்கள் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போல, யார் விருப்பமும் கலக்காமல் பிரித்தார்கள். ஏன் என்று பேராசிரியர் கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. "டாக்டர் நல்லவர்ப்பா. ரொம்ப முடியாதவரைப் பாத்தா சானடோரியத்துக்குத்தான் அனுப்புவார். அப்புறம் அங்க நெறைய பேர் செத்தா, அது சானடோரியத்தோட குத்தமா, நோயோட குத்தமா?" மேலாக்க இருப்பதை எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னதும் இதைத்தானே!

வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏழைகள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு, ஓய்வும் கிடையாது. இருந்தும் 1959-ல் முடிவு வெளியானபோது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்ட அவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தேறியிருந்தார்கள். அவர்களால் வீட்டில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிந்துபோனதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

2003-ல் பெங்களூரில் வேலை. முதல் இரண்டு வருடம் 'சாஸ்' என்ற மென்பொருளில் புரோகிராம் எழுதுவது மட்டும். பிறகுதான் ஆய்வுத் திட்டத்தில் கைவைக்க விட்டார்கள். வேலையோடு வேலையாகப் பகுதி நேரத்தில் பிஹெச்.டி.யும் முடித்தேன். அதற்கு ஏழு வருடம் பிடித்தது, அதைப் பற்றித் தனியாக அழ வேண்டும்.

இந்த வேலையில் வெளியாருக்கு விநோதமாகத் தெரியும் ஒன்று உண்டு. முடிவு வருவதற்கு முன்னாலேயே நாங்கள் பதிலுக்கான அட்டவணைகளைத் தயார் செய்துவிடுவோம். கட்டங்கள், தலைப்புகள் எல்லாம் இருக்கும், எண்கள் மட்டும் காலி. எதை எப்படிக் கணக்கிடுவோம் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். எண்களைப் பார்த்த பிறகு, "ஆண்களை மட்டும் எடுத்துப் பார்ப்போமா, அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை விட்டுப் பார்ப்போமா" என்று தேடிக்கொண்டே போனால், எங்காவது ஒரு மூலையில் மருந்து ஜெயித்தது போலத் தெரியும். அந்த ஆசைக்கு முன்கூட்டியே போடும் பூட்டு அது.

நோயாளிகளை நாங்கள் பார்ப்பதே இல்லை. பெயர் கிடையாது, ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, தேதிகள். அவ்வளவுதான். ஒருமுறை நள்ளிரவில் ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எண்ணுக்கு எதிரே மாதாமாதம் தவறாமல் வந்த தேதிகள். ஏழாவது மாதம் 'வரவில்லை'. எட்டாவது மாதம் 'வரவில்லை'. அப்புறம் மரணத் தேதி. 34 வயதுப் பெண். அன்று எனக்கும் 34. லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன். திரும்பி வந்து அடுத்த வரியைப் பார்த்தேன். வேறென்ன செய்ய?

என் கணக்கும் ஒருமுறை தப்பியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். மருந்து பெற்றவர்களுக்கு 1, பெறாதவர்களுக்கு 2 என்று இருந்த குறியீட்டை நான் மாற்றிப் படித்துவிட்டேன். ஒரே ஒரு வரி. அந்த வரியால் மொத்த முடிவும் தலைகீழ். என் அட்டவணை அழகாக, அழுத்தமாக, முழுத் தப்பாக இருந்தது. நல்லவேளை, ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடும் வழக்கம் உண்டு. எனக்கு எதிர் சீட்டில் இருந்த கேரளத்துப் பெண்ணின் எண்களோடு என்னுடையது ஒத்துப்போகவில்லை. கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. என் கை நடுக்கம் நிற்க ரெண்டு நாள் ஆனது. இது என்னைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2018-ல் அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வந்த நுரையீரல் நோய் ஆய்வு, இதே போலக் குழுக்களின் குறியீடு இடம் மாறியதால், அடுத்த வருடமே திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளுக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட திட்டம் உண்மையில் உதவவில்லை. ஆய்வு செய்தவர்களே தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு இடையிடையே தப்பும். அப்படித் தப்புகிறவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். அதனால் துடிப்பைச் சீராக்கும் மருந்துகளை டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இ.சி.ஜி.யும் அழகாகச் சீரானது. இதைப் போய்ச் சோதிக்க வேண்டுமா என்றுகூட நினைத்தார்கள். ஆனாலும் சோதித்தார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற இரண்டு மருந்துகளையும் 1989-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். இ.சி.ஜி.யைச் சீராக்கிய அதே மருந்துதான் ஆளைக் கொன்றது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியைப் பார்த்து எந்த டாக்டராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. மாரடைப்பு வந்தவர் இறந்தால் நோயால் இறந்தார் என்றுதானே யாரும் நினைப்போம்?

இவ்வளவும் தெரிந்த எனக்கு 2021 மே மாதம் ஒரு பரீட்சை வந்தது.

இரண்டாவது அலை. சித்தப்பா மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் இருந்தார். அரசு பஸ் கண்டக்டர், 59 வயது, சர்க்கரையும் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்குத் தம்பி, சித்தப்பா மகன், போன் செய்தான். "அக்கா, பிளாஸ்மா ஏற்பாடு பண்ணச் சொல்லிட்டாங்க. பி பாசிட்டிவ். நீ மருந்து லைன்லதான இருக்க, யாரையாச்சும் பிடிச்சுக் குடு."

பிளாஸ்மா என்றால், கொரோனா வந்து குணமானவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கும், அது நோயாளிக்கு உதவும் என்று நினைத்தார்கள். கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். ஆனால் ஐ.சி.எம்.ஆர். அதை ஏற்கெனவே சோதித்திருந்தது. 39 ஆஸ்பத்திரிகள், 464 நோயாளிகள், சீட்டுக் குலுக்கல். 2020 அக்டோபரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' முடிவு வந்துவிட்டது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்றவர்களில் 100-க்கு 19. பெறாதவர்களில் 100-க்கு 18. அந்தக் கட்டுரையை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். நம் நாட்டில், அந்த நெருக்கடியில், இவ்வளவு சுத்தமாக ஒரு டிரயல் நடத்தினார்களே என்று ஆபீஸில் பெருமையாகப் பேசியும் இருந்தேன்.

அதைத் தம்பியிடம் சொன்னேன். "அதுல பிரயோஜனம் இல்லடா. சோதிச்சுப் பாத்துட்டாங்க. அலையாத. ஆக்ஸிஜனும் அந்த டெக்ஸாமெத்தசோன் ஊசியும் ஒழுங்காப் போகுதான்னு மட்டும் பாரு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டான். "பெரியப்பாவுக்கு இப்படின்னா நீ சும்மா இருப்பியா?"

பெரியப்பா என்றால் என் அப்பா.

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். போனை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் கூப்பிட ஆரம்பித்தேன். பலன் இல்லை என்று எனக்கே தெரிந்த ஒன்றுக்காக, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, முன்பின் தெரியாதவர்களிடம் கெஞ்சினேன். கடைசியில் சிநேகிதியின் தம்பி மூலம் ஒரு பையன் கிடைத்தான். மதுரையில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன், 26 வயது. ஊரடங்கில் ராத்திரி ரெண்டு மணிக்கு பைக்கில் வந்தான். பணம் வாங்கவில்லை. "ஒரு டீ மட்டும் வாங்கித் தாங்கண்ணே" என்றிருக்கிறான். டீக்கடை ஏது அன்றைக்கு? பிளாஸ்க்கில் ஆறிப்போய்க் கிடந்த கடுங்காப்பியைத் தம்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

பக்கத்துக் கட்டிலில் அருப்புக்கோட்டைக்காரர் ஒருவர். அவருக்கும் அதே வாரம் பிளாஸ்மா ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் இறந்துபோனார். ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அவர் மனைவி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "ஒரு நா முந்திக் கெடச்சிருந்தா எங்க வீட்டுக்காரரும் எந்திரிச்சிருப்பாரும்மா." சித்தப்பா பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். "நமக்கு நேரத்துக்குக் கெடச்சிச்சு" என்று சித்தி எல்லாரிடமும் சொன்னார்.

பிழைத்தால் பிளாஸ்மாவால் பிழைத்தார். இறந்தால் பிளாஸ்மா லேட்டாகக் கிடைத்ததால் இறந்தார். இந்தக் கணக்கில் பிளாஸ்மா தோற்கவே தோற்காது. ஆனால் இதை அந்த அம்மாவிடம் யார் சொல்வது? பிளாஸ்மாவுக்கு அலைந்து அவர் தாலிச் சங்கிலியை அடகு வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சித்தப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, மே 17-ம் தேதி, கொரோனா சிகிச்சை வழிமுறைகளிலிருந்து பிளாஸ்மாவை நீக்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. இதற்கிடையே பிரிட்டனிலும் பதினோராயிரம் பேருக்கு மேல் சோதித்திருந்தார்கள், அங்கேயும் அதே முடிவுதான். தம்பி அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அடுத்த வருடம் கோவில்பட்டியில் சித்தப்பா மகள் கல்யாணம். அந்தப் பையனுக்கு முதல் வரிசையில் நாற்காலி, வேட்டி சட்டை, எல்லா மரியாதையும். எனக்கு ஒரு பட்டுச்சேலை. "இவதான் பெங்களூர்ல மருந்து கம்பெனில இருந்து பிளாஸ்மா அனுப்பிவிட்டவ" என்று சித்தி சம்பந்தி வீட்டாரிடம் அறிமுகம் செய்தார். இருபது வருடம் வேலை பார்த்து எங்கள் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். நான் நம்பாத ஒன்றுக்காகக் கிடைத்தது. மறுக்க வாய் வரவில்லை. சேலையைக் கட்டிக்கொண்டேன். மயில்கழுத்துக் கலர், நன்றாகவே இருந்தது.

ராத்திரி ரிசப்ஷன் கூட்டம் கலைந்த பிறகு, சித்தப்பா மண்டப வாசலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசமாச் சொல்லு தாயி. அந்த பிளாஸ்மாவா என்னயக் காப்பாத்துச்சு? தம்பி ஒருநா உளறிட்டான். நீ வேண்டாம்னு சொன்னியாமே."

இனி மழுப்ப முடியாது. "இல்ல சித்தப்பா. அதுல பலன் இல்லன்னுதான் ஆய்வு சொல்லுது. உங்களுக்கு ஆக்ஸிஜன் வச்சாங்க. ஒரு ஊசி போட்டாங்க, டெக்ஸாமெத்தசோன்னு, ரொம்பப் பழைய ஊசி, வெலையும் கம்மி. அதுக்குத்தான் பலன் இருக்குன்னு 2020-ல பிரிட்டன்ல கண்டுபிடிச்சாங்க."

"எவ்வளவு பலன்?"

அவர் கண்டக்டர். டிக்கெட் கணக்கு ஒரு பைசா பிசகாதவர். அதனால் எண்ணையே சொன்னேன். "உங்கள மாதிரி ஆக்ஸிஜன்ல இருந்த நூறு பேர்ல, ஊசி போடலன்னா 26 பேர் போயிட்டாங்க. ஊசி போட்டவங்கள்ல 23."

"அப்ப மூணு பேரு."

"ஆமா, மூணு பேரு."

விரலை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பந்தலையே பார்த்தார். "அந்த மூணு பேர்ல நானும் ஒருத்தனா?"

"அது தெரியாது சித்தப்பா. ஊசி போடலன்னாலும் 74 பேர் பொழச்சிருப்பாங்க. நீங்க அதுல ஒருத்தராவும் இருக்கலாம். இன்னார்தான்னு உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது."

"நீ இருபது வருசமா கணக்கு எழுதுத. உன்னாலயுமா முடியாது?"

"என்னாலயும் முடியாது."

தலையை ஆட்டினார். உள்ளே அந்தப் பையன் யாரோ ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். சித்தப்பா அவனையே பார்த்தார்.

"அப்ப அவன்ட்ட நான் என்ன சொல்ல?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தான்ல சித்தப்பா."

"ஆமா, வந்தான்" என்றபடி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பதினோரு மணிக்கு மதுர வண்டி ஒண்ணு இருக்கு. டிரைவர் நம்ம பய. சொல்லி சீட்டுப் போட்டு விடுதேன், நின்னுக்கிட்டே போவான் பாவம்" என்று சொல்லிக்கொண்டே பையனைக் கூப்பிட உள்ளே போனார்.